கவுன்சிலருக்கு ஒரு ஒப்பாரி

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி. நான் வெல போயிட்டேன்னுதான ஒங்ககிட்ட சொன்னாங்க? முழுங்காதீங்க. செவத்தப் பாத்துக்கிட்டே "அப்படியெல்லாம் இல்லக்கா"ன்னு சொல்றீங்க பாருங்க, அதுலயே தெரியுது. சொல்லட்டும். சொல்றவன் வாயை நான் தைக்க முடியுமா?

உக்காருங்க. அந்த ஸ்டூலு கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க, விழாது. வாசல்ல நிக்கிற சைக்கிள நகட்டலையே? நல்லது. பின்சக்கரத்துல காத்து இல்ல, ஆனா அது அங்கதான் நிக்கும். வாரவங்க எல்லாரும் வழியில நிக்குதேன்னு நகட்டப் பாப்பாங்க. நான் சத்தம் போடுவேன்.

பையில என்ன, பழமும் வெத்தலைபாக்குமா? சாவுக்கு யாரும் வெத்தலைபாக்கு வச்சு அழைக்கிறதில்ல தம்பி. சேதி சொல்லி விடுவாங்க, நாங்களாப் போவோம். இந்த வெள்ளத்தாயிய வெத்தலைபாக்கு வச்சுச் சாவுக்கு அழைச்ச மொத ஆளு தனுஷ்கோடி. ரெண்டாவது ஆளு நீங்க. ரெண்டு பேருதும் பொணம் இல்லாத சாவு.

நீங்க கேக்க வந்தது எனக்குத் தெரியும். ஒங்க ஊர்ல இடைத்தேர்தலு. எதிர்த்து நிக்கிற பெரிய மனுசனுக்குப் பாடை கட்டணும், நான் வந்து ஒப்பாரி பாடணும், சனம் சிரிக்கணும். வாரேனா இல்லையான்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க ஒம்பதாம் வார்டு கதைய என் வாயால கேளுங்க. இன்னொருத்தன் வாயால கேட்டா உப்பு, ஒறைப்பெல்லாம் அவன் கை போட்டதா இருக்கும்.

என்னை எதுக்குக் கூப்புடுறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு? அழ வைக்க இந்தப் பக்கம் ஆயிரம் பேரு இருக்கா. சாவு வீட்டுல சிரிக்க வைக்க நான் ஒருத்திதான். பேரன் பேத்தி எடுத்து, தொண்ணூறு வயசு வாழ்ந்து போனா அது கல்யாணச் சாவு. அங்க போயி மாரடிச்சா யாருக்குத் தாங்கும்? ஒரு பெரியவர், உசுரோட இருந்தப்ப அவரு கொறட்டை மூணு வீட்டுக்குக் கேக்கும். நான் அவரு தலமாட்டுல உக்காந்து, "ஒங்க கொறட்டைக்கு ஓடிப்போன பூனையெல்லாம் இன்னைக்குத்தான் வீடு திரும்புது ராசா"ன்னு இழுத்தேன். அவரு பொண்டாட்டி இருக்கே, தாலி அறுக்க உக்காந்திருந்த அம்மா, அது முந்தானைய வாயில வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு. பெறகுதான் அதுக்கு அழுகையே வந்துச்சு. அப்படி.

எங்க தெரு அடிகுழாய் ரிப்பேராச்சு ஒருதடவை. மனு குடுத்தோம், மறியல் பண்ணுனோம், ஒரு பய எட்டிப் பாக்கல. நான் போயி அந்தக் குழாய்க்கு வெள்ளைத் துணி சுத்தி, மாலை போட்டு, முன்னாடி சப்பளம் போட்டு உக்காந்தேன். "ஒத்தக் கை ராசாவே, ஒன்னை ஓயாம அடிச்சோமே, ஒரு நாளும் நீ அழலயே, இப்ப ஒட்டுமொத்தமாப் போனியே"ன்னு எடுத்தேன். பஸ்ஸ நிறுத்தி எறங்கிப் பாத்துச்சு சனம். மறுநாள் ஆபீஸ்ல அந்த அதிகாரியப் பாக்குறவனெல்லாம் "சார், மூணாம் நாள் காரியம் எப்ப?"ன்னு கேட்டிருக்கான். மூணாம் நாள் காரியத்துக்கு முன்னாடியே குழாய்ல தண்ணி வந்துச்சு.

ஏன்னா சொல்றேன் கேளுங்க. அடிச்சா கேசு குடுப்பான். திட்டுனா திருப்பித் திட்டுவான். சிரிச்சா என்ன செய்வான்? சிரிப்புக்கு எந்த ஸ்டேசன்ல எஃப்ஐஆர் போடுறது? பதவியில இருக்கிறவன் எதுக்கும் அஞ்ச மாட்டான், தெருவுல நாலு பொம்பளைங்க தன்னைப் பாத்து வாயப் பொத்திச் சிரிச்சா மட்டும் அன்னைக்கு அவனுக்குச் சோறு எறங்காது. இதக் கண்டுபிடிக்க நான் ஒண்ணும் காலேசு படிக்கல.

குருவலிங்கம் ரெண்டு தடவை எங்க வார்டு கவுன்சிலரு. ஆளு மோசமில்ல. கல்யாணம், காதுகுத்துன்னா முன்னாடி நிப்பாரு. ஆனா குழாய்ல தண்ணி மட்டும் பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா. மூணாவது தடவையும் நின்னாரு. எதுத்து நின்னவர்தான் தனுஷ்கோடி, சிமெண்டு கடைக்காரரு. கூட்டம் போட்டுப் பாத்தாரு, ஆளு வரல. பிரியாணி போட்டுப் பாத்தாரு, ஆளு வந்துச்சு, பிரியாணி தீந்ததும் போயிருச்சு. அப்பறம்தான் தட்டுல வெத்தலைபாக்க வச்சுக்கிட்டு, இப்ப நீங்க உக்காந்திருக்கிற அதே ஸ்டூல்ல வந்து உக்காந்தாரு.

"அக்கா, அந்தாளச் சிரிச்சே கொல்லணும்"னாரு. தானே பாட்டும் எழுதிட்டு வந்திருந்தாரு. பாதி கெட்ட வார்த்தை. நான் தாள மடக்கி அவரு சட்டைப் பையிலயே வச்சேன். "கெட்ட வார்த்தைக்கு ஆம்பளை சிரிப்பான், பொம்பளை எந்திரிச்சுப் போயிருவா. ஓட்டுச் சாவடியில வரிசையில நிக்கிறது யாரு? பாட்ட எங்கிட்ட விடுங்க, பாடைய நீங்க பாருங்க"ன்னேன். அங்கதான் தப்புப் பண்ணுனேன் தம்பி. பாடையையும் நானே பாத்திருக்கணும்.

தை மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை, சாயங்காலம் நாலு மணி, தண்ணித் தொட்டிக்குக் கீழ. போலீஸ் பெர்மிசன் தாள்ல 'கலைநிகழ்ச்சி'ன்னு போட்டிருந்தாங்க. பொம்பளைங்கள வெறுங்குடத்தோட வரச் சொல்லியிருந்தேன், குடத்தைத் தட்டிக்கிட்டே வந்தாளுக. மேளம், சங்கு, சேகண்டி, எல்லாம் அசல். வைக்கோல் பொம்மைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மொகத்துக்குக் குருவலிங்கம் படத்த பிரிண்டு போட்டு ஒட்டியிருந்தாங்க. என் ஜோடி செண்பகம் பின்பாட்டுக்கு. நான் எடுத்தேன் பாருங்க:

"கொழாயத் தொறந்தாக் காத்து வரும் — எங்க குருவலிங்கம் ஐயாவே,
காத்தக் குடிச்சு வாழச் சொன்ன கவுன்சிலரு ஐயாவே!
ஓட்டுக் கேட்டு வந்தப்ப ஒம்பது தரம் கும்புட்டீக,
தண்ணி கேட்டு வந்தப்ப தலவலின்னு படுத்தீக!"

சிரிப்புன்னா சிரிப்பு. ஒரு பொம்பளை சிரிச்ச சிரிப்புல இடுப்புக் குடம் உருண்டு ஓடிருச்சு. குருவலிங்கம் கட்சிக்காரனே ரெண்டு பேரு டீக்கடையில நின்னு சிரிச்சான், என் கண்ணால பாத்தேன். தனுஷ்கோடி மொகத்துல அப்பவே கவுன்சிலர் களை வந்துருச்சு. இதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு அவருதான் கவுன்சிலரு.

கடைசி அயிட்டம் வாய்க்கரிசி. அதுவும் என் யோசனைதான். ரேசன் அரிசிய ஒரு பிடி எடுத்துக்கிட்டு, பொம்மை வாயில போடப் போற மாதிரிப் போயி, "ஐயா, தின்னது போதாதா, இன்னும் வாயத் தொறக்குறீகளே"ன்னு கேக்கணும். கேட்டா எல்லாரும் கைதட்டணும். முடிஞ்சது கூத்து.

தை மாசத்துல எவன் மழைய எதிர்பாப்பான்? திடீர்னு தூறல். பிரிண்டு சாயம் ஓடிருமேன்னு தனுஷ்கோடி ஆளுக, நான் செண்பகத்துக்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்கிற நேரத்துல, கடையில சிமெண்டு மூடுற வெள்ளைப் பிளாஸ்டிக் தாளக் கொண்டாந்து, பொம்மைய தலையில இருந்து கால் வரைக்கும் சுத்திட்டாங்க. காத்துல பறக்காம இருக்கணும்ல, கயிறு வேற. தலைக்கு ஒரு கட்டு, இடுப்புக்கு ஒரு கட்டு, காலுக்கு ஒரு கட்டு.

நான் அரிசியோட திரும்புனேன். வாய் எங்க இருக்குன்னு தெரியல.

தேடுனேன் தம்பி. இந்தப் பக்கம் குனிஞ்சு பாக்குறேன், அந்தப் பக்கம் குனிஞ்சு பாக்குறேன். நான் நடிக்கிறேன்னு நெனச்சு ரெண்டு பேரு சிரிச்சாங்க. சரி, ஆரம்பிச்ச பாட்ட நிறுத்தக் கூடாதுல்ல, தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல. வாயில வந்ததப் பாடுனேன்:

"சைக்கிள் மணிச் சத்தம் கேட்டுச் சந்தியில நான் நிப்பேனே — இப்பச்
சத்தமில்லாமப் போனீகளே, சாமி, எந்தச் சந்தியில நான் நிப்பேன்?
சனிக்கெழமைச் சனிக்கெழமை கருப்பட்டி முட்டாய் தந்த கையி
கட்டுக்குள்ள கெடக்குதே, நான் எந்தக் கயித்த அவுப்பேன்?
மொகத்த மூடிக் கொண்டு போனா மொகவரி எது எனக்கு?
ஒரு பிடி அரிசி வச்சிருக்கேன், வாயெங்கே சொல்லு ராசா!"

இம்புட்டுத்தான். இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க.

மேளம் நின்னுபோச்சு. நான் நிறுத்தச் சொல்லல. குடத்தைத் தட்டிக்கிட்டு இருந்தவளுக ஒவ்வொருத்தியா கீழ வச்சாளுக. மொதல்ல ஒருத்தி "ஏ அம்மா"ன்னு உக்காந்தா. அப்பறம் அடுத்தவ. அதுக்கு முந்துன வைகாசியில, கொரோனாவுல, எங்க வார்டுல மட்டும் பதினோரு பேரு தம்பி. ஒருத்தருக்கும் ஒப்பாரி இல்ல, பந்தல் இல்ல, வீட்டுக்கே கொண்டாரல. எல்லாப் பொம்பளையும் அந்தத் தாளப் பாத்தா. பாடையச் சுத்தி உக்காந்து மாரடிக்க ஆரம்பிச்சுட்டாளுக. தனுஷ்கோடியே துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சாரு. அவுக அம்மாவும் அந்த வைகாசியிலதான். அது எனக்குப் பெறகுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆக, அவங்கவங்க தன் வீட்டுப் பொணத்துக்கு அழுதாங்க. அதுக்கு நான் என்ன செய்ய? நான் என் வேலையத்தான் பாத்தேன்.

வினை என்னன்னா, இத எவனோ செல்போன்ல எடுத்துட்டான். குருவலிங்கம் லேசுப்பட்ட ஆளா? மறுநாள் காலையில அவரு வேன்ல பெரிய டிவிய வச்சு, தெருத் தெருவா ஓட்டுறாரு. "என் அருமைச் சொந்தங்களே, என்னை எதுத்து நிக்கிறவங்ககூட நான் போயிட்டா எப்படித் தவிக்கிறாங்கன்னு பாருங்க!" அதுக்கு மேல ஊர்க் கெழவிக வேற, "உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வச்சா ஆயுசு கெட்டி"ன்னு பேச ஆரம்பிச்சாளுக. ஆயுசு கெட்டின்னா பதவியும் கெட்டிதான? நாப்பத்தோரு ஓட்டுல செயிச்சாரு.

விடிஞ்சதும் தனுஷ்கோடி ஆளுக என் வாசல்ல. "குருவலிங்கத்துக்கிட்ட எடத்துக்குப் பட்டா வாங்கிக்கிட்டு எங்கள வித்துட்ட." எந்தப் பட்டா? இந்தா, கூரையப் பாருங்க, மழை வந்தா மூணு சட்டி வைக்கணும். பட்டா வாங்குனவ வீடா இது? ஒருத்தன் கேக்குறான், "குருவலிங்கம் வெள்ளைக் கார்ல போறவரு, நீ எதுக்கு சைக்கிள்னு பாடுன? அவருக்குச் சக்கரை வியாதி, எதுக்குக் கருப்பட்டி முட்டாய்?" ராகம்னு ஒண்ணு இருக்குடா முட்டாப் பயலேன்னேன். "காரு ஹாரன் சத்தம் கேட்டு"ன்னு இழுத்துப் பாரு, நிக்குதா? நிக்காது. சைக்கிள் மணின்னா நிக்கும். பாட்டுத் தெரியாதவனெல்லாம் பாட்டுக்குக் கணக்குக் கேக்குறான்.

மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாங்க. வாங்கடா அடிக்கிறேன்னு முன்னால நடந்தேன். ஊரே பின்னால வந்துச்சு. சூடத்த ஏத்தி, "குருவலிங்கத்துக்கிட்ட ஒரு துரும்பு வாங்கியிருந்தா இந்த ஆத்தா என் நாக்க அறுக்கட்டும்"னு ஓங்கி அடிச்சு அணைச்சேன். கை சுட்டுச்சு, எடுக்கல. பெறகு திரும்பி நின்னு, "இப்ப நீங்க வாங்கடா. அன்னைக்கு அழுத ஒவ்வொருத்தரும் வந்து சூடம் அடிச்சுச் சொல்லுங்க, யார நெனச்சு அழுதீங்கன்னு"ன்னேன். ஒரு பய அசையல.

தனுஷ்கோடி மட்டும் மெதுவா வந்தாரு. கோவமா இல்ல. "சரிக்கா, நீங்க வாங்கல, ஒத்துக்குறேன். இன்னொரு சூடம் அடிங்க. அன்னைக்கு நீங்க பாடுனது குருவலிங்கத்துக்குத்தான்னு"ன்னாரு.

ரெண்டாவது சூடம் நமத்துப் போயிருந்துச்சு. பத்தல. கோயில் பூசாரி எங்கிட்டு வாங்குறாரோ, மட்டமான சூடம். நேரமும் ஆயிருச்சு, அடுப்புல ஒல வச்சுட்டு வந்திருந்தேன், வந்துட்டேன்.

என்ன, அந்தப் போட்டோவவே பாக்குறீங்க? எங்க வீட்டு ஆளுதான். பருப்பு மில்லுல மூட்டை தூக்குனாரு. பேரு கேக்காதீங்க, இத்தன வருசம் சொன்னதில்ல, இப்ப எதுக்கு. அந்தப் பதினோரு பேர்ல அவரு ஏழாவது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு. சைக்கிள உள்ள வை, மழை வரும்னாரு. ஆறாம் நாள் சுடுகாட்டு கேட்டுக்கு வரச் சொன்னாங்க. நூறடி தள்ளி நில்லும்மான்னாங்க. வண்டியில இருந்து எறக்குனாங்க. மூணு கட்டு. அவருதானான்னு கூடத் தெரியாது, சீட்டுல பேரு இருந்துச்சு. ஒரு பிடி அரிசி கொண்டு போயிருந்தேன். திரும்ப மடியில முடிஞ்சு கொண்டாந்துட்டேன். ஊருக்கெல்லாம் பாடுறவ, அன்னைக்கு ஒரு வரி வரல எனக்கு. தொண்டை கட்டியிருந்துச்சு.

அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. நான் தொழில்காரி. எவன் வீட்டுச் சாவுல எதப் பாடணும்னு எனக்குத் தெரியும். முப்பது வருசத்துல ஒரு தடவை வரி மாறுனதில்ல.

செயிச்ச பெறகு குருவலிங்கமும் வந்தாரு, கையில பொன்னாடையோட. "ஒங்க பாட்டுதாம்மா என்னைக் காப்பாத்துச்சு, எனக்காக அப்படி உருகிட்டீங்களே"ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "போங்கய்யா, ஒங்களுக்கா பாடுனேன்? மொதல்ல குழாய்ல தண்ணி விடுங்க"ன்னு வாசலோட அனுப்பிட்டேன். என்ன முழிக்கிறீங்க? தனுஷ்கோடி கட்சிக்காகப் பாடுனேன்னு சொன்னேன், வேற என்ன.

தண்ணியா? இப்ப ஏழு நாளைக்கு ஒருக்கா வருது. நாங்க சிரிச்சது அவருக்கு இன்னும் காதுல கேக்குதுன்னு அர்த்தம்.

சரி, ஒங்க விசயத்துக்கு வாரேன். வெள்ளத்தாயிக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது, அழ வச்சு ஆளக் கவுத்துருவான்னு பேசுறானுகள்ல, அவனுக எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. தனுஷ்கோடியையும் முன்வரிசையில உக்கார வைங்க. நான் வாரேன். ஒங்க பெரிய மனுசன் பேரு, குணம், அவரு எப்படி நடப்பாரு, எங்க வாயத் தொறப்பாரு, எங்க மூடுவாரு, எல்லாம் எழுதிக் குடுங்க. ஒங்க ஊரு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கல, என் பேரு வெள்ளத்தாயி இல்ல. பழத்த எடுத்துட்டுப் போங்க, வெத்தலைபாக்கு மட்டும் போதும்.

ஒரே ஒரு கண்டிசன் தம்பி. இது தட்டக் கூடாது. மழை பெஞ்சாப் பெய்யட்டும், சாயம் ஓடுனா ஓடட்டும். பொம்மையத் தாள்ல சுத்தாதீங்க. கட்டுப் போடாதீங்க. மொகம் தொறந்திருக்கணும். கையில அரிசியோட நான் திரும்புறப்ப, வாய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்.